கடையோடு மெயில் சர்வீஸை இணைத்தபோது நடந்தது, உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

சுங்குடிச் சேலைக்காரி

வணக்கம். சின்னாளபட்டியில் இருந்து சுங்குடிச் சேலை விற்கிறேன். ஊகாமர்ஸில் (இணையக் கடை நடத்தும் மென்பொருள்) கடை போட்டு இது ஐந்தாவது வருஷம். போன தீபாவளிக்கு முன்னால்தான் முதன்முதலாக வெளி மெயில் சர்வீஸ் ஒன்றைக் கடையோடு இணைத்தேன். அப்போது நடந்ததை எழுதி வைத்தால் புதிதாக இறங்குகிறவர்களுக்கு உதவும், மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று எனக்கும் தெரியும்.

அதுவரை புதுச் சரக்கு வந்தால் வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் படம் போடுவேன். ஒரு லிஸ்டுக்கு 256 பேர்தான், அதிலும் நம் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போகும். கடையின் தளம் இருக்கும் ஹோஸ்டிங் சர்வரில் இருந்தே எல்லாருக்கும் மெயில் அனுப்பியும் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மெயில்தான் என்று அளவு வைத்திருக்கிறார்கள், பாதியில் நின்றுவிட்டது, அன்றைக்கு வந்த ஆர்டர்களுக்குப் போக வேண்டிய மெயிலும் அதோடு சேர்ந்து மாட்டிக்கொண்டது. சரி, இதற்கென்றே இருக்கிறவர்களிடம் போவோம் என்று முடிவு செய்தேன்.

இணைப்பது சுலபமாகத்தான் இருந்தது. பிளகின் (கடையோடு சேர்க்கும் சின்ன மென்பொருள்) போட்டு, இரண்டையும் இணைக்கும் சாவியான ஏபிஐ கீயை ஒட்டியதும் பத்து நிமிஷத்தில் கடையின் வாடிக்கையாளர் எல்லாரும் அங்கே வந்துவிட்டார்கள். அப்புறம் உங்கள் டொமைனைச் சரிபாருங்கள் என்று டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரங்கள் இருக்கும் பதிவு) சேர்க்க மூன்று வரி கொடுத்தது, இரண்டு டிகிம் (மெயில் நம்முடையதுதான் என்று காட்டும் கையெழுத்து), ஒன்று எஸ்பிஎஃப் (நம் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல்). மூன்றையும் கொடுத்தபடியே சேர்த்தேன். பச்சை டிக் விழுந்தது. தீபாவளி மெயிலை ஒரு சனிக்கிழமை காலையில் அனுப்பினேன், மதியத்துக்குள் நல்ல ஆர்டர். மனசு நிறைந்திருந்தது.

சாயங்காலம் போன் வர ஆரம்பித்தது. நாலாவது போன் காரைக்குடியில் இருந்து, வயதான ஒரு ஆச்சி. "ஏம்மா, நாலாயிரத்து இருநூறு கட்டியிருக்கேன், ஒரு சீட்டும் வரலியே, இந்தக் கடை நெசமாவே இருக்கா?" என்று கேட்டார். எனக்கு உடம்பே ஆடிவிட்டது. ஸ்பேம் ஃபோல்டரைப் பார்க்கச் சொன்னேன், பேத்தியைக் கூப்பிட்டுத் திறந்தார், ஆர்டர் மெயில் அங்கேதான் கிடந்தது. என் ஜிமெயிலுக்கே ஒரு சோதனை ஆர்டர் போட்டுப் பார்த்தேன், அதுவும் ஸ்பேமில். அந்த மெயிலில் மூன்று புள்ளியைத் தட்டி 'ஷோ ஒரிஜினல்' போனால் எஸ்பிஎஃப் என்பதற்கு நேரே 'பாஸ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பெர்ம்எரர்', அதாவது நிரந்தரப் பிழை, என்று இருந்தது.

விஷயம் இதுதான். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்கலாம். ஹோஸ்டிங்காரர் போட்டது ஏற்கெனவே ஒன்று இருந்தது, நான் சர்வீஸ் கொடுத்ததை இரண்டாவதாகச் சேர்த்ததும் இரண்டுமே செல்லாமல் போய்விட்டது. தீபாவளி மெயிலுக்கு டிகிம் கையெழுத்து இருந்ததால் அது தப்பித்து இன்பாக்ஸுக்குப் போனது. ஆர்டர் மெயில் ஹோஸ்டிங்கில் இருந்து டிகிம் இல்லாமல் போகிறது, அதற்கு எஸ்பிஎஃப் ஒன்றுதான் துணை, அதுவும் உடைந்துவிட்டது. சர்வீஸின் பச்சை டிக் அவர்கள் வரி இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறது. இரண்டு வரியையும் ஒன்றாக்கி, ஒரே வரிக்குள், இவர்களுடைய சர்வர்களையும் சேர்த்துக்கொள் என்று சொல்லும் 'இன்க்ளூட்' இரண்டு வைத்தேன், அடுத்த நாள் சரியானது. அதற்குள் ஆர்டர் போட்டிருந்த அறுபது சொச்சம் பேருக்கும் நானும் என் நாத்தனாரும் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போன் செய்து பணம் வந்துவிட்டது, சேலை வந்துவிடும் என்று சொன்னோம். ஆச்சிக்கு மட்டும் இரண்டு தடவை.

இணைக்கப்போகிறவர்கள் முதலில் டிஎன்எஸ்ஸைத் திறந்து எஸ்பிஎஃப் ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். இணைத்த பிறகு விளம்பர மெயிலைச் சோதிப்பது போதாது, ஆர்டர் மெயிலையும் சோதியுங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். பணம் கட்டும் செக்அவுட் பக்கத்தில், விளம்பர மெயில் அனுப்பலாமா என்று கேட்கும் டிக் பெட்டி எதுவும் நான் வைக்கவில்லை, பிளகின் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது. இவர்களுக்கெல்லாம் அனுப்பலாமா?

உடன்குடித் தம்பி

அக்கா, உங்களுக்கு ஆர்டர் மெயில் போகாத கஷ்டம். எனக்குப் போகக்கூடாத மெயில் போனது.

கருப்பட்டியும் சில்லுக்கருப்பட்டியும் விற்கிறேன். கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களுக்கு ஞாபகப்படுத்தும் மெயில் இருக்கிறதல்லவா, அதை ஒரு மணி நேரத்தில் ஒன்று, மறுநாள் ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று என்று வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பழைய வாடிக்கையாளர், இரண்டு கிலோவுக்கு யுபிஐயில் பணம் கட்டியவர். அவருக்கு மூன்று மெயிலும் போயிருக்கிறது. முதல் தடவை பணம் போகவில்லை போல என்று நினைத்து அவர் மறுபடியும் கட்டிவிட்டார். கூப்பிட்டுச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, "உங்க கடையில ஏதோ கோளாறு தம்பி, பாருங்க" என்றார். எனக்கு அதுவே தாங்கவில்லை. அன்றைக்கே இரண்டாவது தொகையைத் திருப்பி அனுப்பினேன்.

தேடியதில் தப்பு என்னுடையதுதான் என்று தெரிந்தது. யுபிஐயில் கட்டுகிறவர்கள் போன் ஆப்பில் பணம் அனுப்பியதும் பிரவுசரை மூடிவிடுகிறார்கள், நம் கடைப் பக்கத்துக்குத் திரும்பி வருவதில்லை. பணம் வந்துவிட்டது என்று, பணத்தை வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே கடைக்குத் தனியாகச் சொல்ல வெப்ஹுக் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு என் கடையின் முகவரியை நான் கொடுக்கவே இல்லை. அதனால் ஆர்டர் 'பெண்டிங் பேமெண்ட்'டிலேயே நின்றது, மெயில் சர்வீஸ் அதைப் பார்த்துவிட்டு இவர் வாங்கவில்லை என்று எடுத்துக்கொண்டது. வெப்ஹுக்கைச் சேர்த்தேன். முதல் மெயிலை நாலு மணி நேரத்துக்குத் தள்ளினேன். மூன்றாவதை எடுத்தே விட்டேன், கருப்பட்டிக்கு ஒருவரை மூன்று தடவை தட்டி எழுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஸ்கார்பரோ அக்கா

டிக் பெட்டிக் கேள்விக்கு எங்கள் ஊர்ச் சட்டத்தை வைத்துச் சொல்கிறேன். கனடாவில் 2014 ஜூலை 1 முதல் ஸ்பேம் தடுப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. நம்மிடம் பொருள் வாங்கியவருக்கு, அவர் தனியாகச் சம்மதம் சொல்லாவிட்டாலும், வாங்கிய நாளில் இருந்து இரண்டு வருஷம் அனுப்பலாம். விலை மட்டும் விசாரித்தவர் என்றால் ஆறு மாதம். அதற்குப் பிறகும் அனுப்ப வேண்டுமென்றால் அவராகவே சரி என்று சொல்லியிருக்க வேண்டும், முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி சம்மதம் ஆகாது. விலகுகிறேன் என்றால் 10 வேலை நாளுக்குள் நிறுத்த வேண்டும். நிறுவனங்களுக்கு ஒரு மீறலுக்கு ஒரு கோடி டாலர் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. தங்கச்சி, உங்கள் சேலை இங்கேயும் வருகிறது என்றால் இந்தப் பக்கத்து வாடிக்கையாளர்களுக்கு இதைக் கவனிக்க வேண்டும்.

என் கதை வேறு. பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் விற்கிறேன். ஒரு கோடையில் கோயில் தேர்த்திருவிழாவில் மேசை போட்டு, விருப்பமானவர்கள் மெயில் முகவரி எழுதும்படி துண்டுச் சீட்டு வைத்தேன். நிறையப் பேர் எழுதினார்கள், சம்மதத்தோடுதான் எழுதினார்கள். வெயில், கூட்டம், ஒரு கையில் பிள்ளை, மற்றக் கையில் பேனா. நான் அவற்றை வீட்டில் இருந்து தட்டச்சு செய்தபோது அது எல் எழுத்தா, ஒன்றா, 'காம்' என்று முடிகிறதா 'கா' என்று முடிகிறதா, சிலவற்றை ஊகித்துத்தான் போட்டேன். ஏற்றி அனுப்பிய அன்றே, தப்பாக ஊகித்தவை எல்லாம் பவுன்ஸ் ஆகி, அதாவது போய்ச் சேராமல், திரும்பின. அரை மணி நேரத்தில் சர்வீஸ் என் கணக்கை முடக்கியது. நீங்கள் விலைக்கு வாங்கிய லிஸ்டுக்கு அனுப்புகிறீர்கள் என்று சந்தேகிக்கிறோம், விளக்கம் கொடுங்கள் என்று கேட்டார்கள்.

பவுன்ஸுக்கு அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஒரே சர்வரில் இருந்து பலருடைய மெயில் போகிறது, என்னால் மற்றவர்களின் பெயரும் கெடும். ஆனால் முடக்கிய கணக்கில் இருந்து லிஸ்டை இறக்கவும் முடியவில்லை என்பதுதான் என்னைக் கலங்க வைத்தது. ஆறு வருஷமாகச் சேர்த்த ஆட்கள். கடையில் வாங்கியவர்களின் முகவரி கடையில் இருந்தது, ஆனால் வாங்காமல் செய்தி மட்டும் கேட்டுச் சேர்ந்தவர்கள் அந்தக் கணக்குக்குள் மட்டும்தான் இருந்தார்கள். சீட்டுகளைப் படம் எடுத்து அனுப்பி, ஒன்பது நாள் கழித்துத் திறந்து தந்தார்கள். திறந்த அன்று முதல் வேலையாக சிஎஸ்வி (எக்செலில் திறக்கும் பட்டியல்) கோப்பாக இறக்கினேன். இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு இறக்கி வைக்கிறேன், விலகியவர்களின் பட்டியலையும் சேர்த்து. அது இல்லாமல் வேறு சர்வீஸுக்கு மாறினால், வேண்டாம் என்று சொன்னவருக்கே மறுபடி மெயில் போய்விடும்.

மாடித்தோட்டம் கோவை

சுருக்கமாக எழுதுகிறேன். விதை விற்கிறேன். எனக்கு அடி விழுந்தது பில்லில். பிளகின் கடையின் எல்லா வாடிக்கையாளரையும் அங்கே கொண்டுபோய் வைத்தது, நான் மெயில் அனுப்பாதவர்களும் விலகியவர்களும் கணக்கில் சேர்ந்தார்கள், அடுத்த மாதம் மேல் பிளானுக்குத் தானாக ஏற்றிவிட்டார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் சர்வீஸ்களில் யாரை எல்லாம் எண்ணுவார்கள் என்று சேரும் முன்னே படித்துப் பாருங்கள். மெயில்சிம்ப் என்ற மெயில் சர்வீஸ் 2019இல் விலகியவர்களையும் எண்ண ஆரம்பித்தது பலருக்கு நினைவிருக்கும். அனுப்பத் தேவையில்லாதவர்களை 'ஆர்க்கைவ்' செய்தால் (ஒதுக்கி வைத்தால்) எண்ணிக்கை குறைகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஎன்எஸ் பார்க்கிறவன்

நாலைந்து சின்னக் கடைகளுக்கு இந்த வேலையைத்தான் செய்து கொடுக்கிறேன், எல்லாவற்றையும் படித்தேன்.

சேலைக்கார அக்கா சொன்ன எஸ்பிஎஃப் வரிக்கு இன்னொரு எல்லையும் உண்டு. அதைச் சரிபார்க்கும்போது டிஎன்எஸ்ஸில் 10 தடவைக்கு மேல் தேட வேண்டி வந்தால் அதுவும் பெர்ம்எரர்தான். ஒவ்வொரு 'இன்க்ளூட்'டும் ஒரு தேடல், அதற்குள் இருப்பதும் சேரும். ஹோஸ்டிங், மெயில் சர்வீஸ், கஸ்டமர் சப்போர்ட் ஆப் என்று சேர்த்துக்கொண்டே போனால் சத்தமில்லாமல் உடையும். நான் விளம்பர மெயிலை எப்போதும் தனி சப்டொமைனில் (கடையின் டொமைனுக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த கிளை முகவரி) இருந்துதான் அனுப்ப வைப்பேன். ஒரு விளம்பரம் சொதப்பினாலும் ஆர்டர் மெயிலுக்குப் பெரிதாக அடி விழாது. ஆர்டர் மெயிலுக்கு டிகிமையும் போட்டுவிடுவேன்.

ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் இருந்து கண்டிப்பைக் கூட்டிவிட்டார்கள். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (முதல் இரண்டும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் வரி) மூன்றும் வேண்டும், ஒரே தட்டில் விலகும் வசதி வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, அதாவது ஆயிரம் பேருக்குப் போனால் மூன்று பேர் ஸ்பேம் என்று அழுத்தினாலே அந்த எல்லைக்கு வந்துவிடுகிறோம். சின்னக் கடைகளும் இதை அப்படியே செய்துவிடுவது நல்லது. கேட்காதவருக்கு அனுப்பினால் அந்த மூன்று பேர் எங்கிருந்து வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதனால் அக்கா, டிக் பெட்டியை இன்றே வையுங்கள், பழையவர்களுக்கு ஒரே ஒரு மெயில் போட்டுத் தொடர்ந்து அனுப்பலாமா என்று கேளுங்கள், பதில் சொல்லாதவர்களை விட்டுவிடுங்கள். லிஸ்ட் பாதியாகும். ஆகட்டும்.

தமிழில் மெயில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று, இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஜிமெயில் ஒரு மெயிலின் ஹெச்டிஎம்எல் (மெயிலின் பின்னால் இருக்கும் குறிமொழி) 102 கேபியைத் தாண்டினால் கீழ்ப்பகுதியை வெட்டிவிடும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழுக்கு மூன்று, 'கி' மாதிரி குறியோடு வந்தால் ஆறு. சில எடிட்டர்கள் ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் எண் குறியீடாக மாற்றி வைக்கும், அப்போது மூன்று ஏழாகும். இருபது சேலையின் வர்ணனையைத் தமிழில் எழுதி, டிராக் அண்ட் டிராப் எடிட்டர் போடும் குப்பையும் சேர்ந்தால் எல்லை சீக்கிரம் வந்துவிடும். வெட்டுப்படும் கீழ்ப்பகுதியில்தான் விலகும் லிங்க் இருக்கிறது. அது கண்ணில் படாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். ஒரு மெயிலில் ஐந்தாறு பொருள் போதும்.

எத்தனை பேர் மெயிலைத் திறந்தார்கள் என்று சொல்லும் ஓப்பன் ரேட்டைப் பார்த்து யாரும் முடிவெடுக்காதீர்கள். மெயிலில் இருக்கும் படம் இறங்குவதை வைத்துத்தான் அதை எண்ணுகிறார்கள். 2021இல் ஐஓஎஸ் 15 வந்ததில் இருந்து ஆப்பிள் மெயில் ஆப், அதன் தனியுரிமைப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்குப் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது, படிக்காத மெயிலும் படித்ததாக எண்ணப்படும். லிங்கைத் தட்டியது எத்தனை, ஆர்டர் எத்தனை, இந்த இரண்டையும் பாருங்கள்.

சுங்குடிச் சேலைக்காரி

எல்லாருக்கும் நன்றி. டிக் பெட்டி வைத்துவிட்டேன். ஸ்கார்பரோ அக்கா சொன்னது போல லிஸ்டை இறக்கி பென்டிரைவில் ஒன்று, டிரைவில் ஒன்று வைத்திருக்கிறேன். பழையவர்களுக்கு அனுப்பலாமா என்று கேட்கும் மெயிலைப் படமே இல்லாமல், எட்டு வரியில், தமிழிலேயே எழுதி முதலில் நாற்பது பேருக்கு மட்டும் அனுப்பினேன். இருபத்திரண்டு பேர் சரி என்று அழுத்தினார்கள், மூன்று பேர் விலகினார்கள், மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

பதில் எழுதியவர் ஒருவர்தான், காரைக்குடி ஆச்சி. "இந்தத் தடவ நேரா வந்துருச்சு. அரக்கு கலர்ல பெரிய பொட்டு இருக்கா?"

உடன்குடித் தம்பி

இருக்கா அக்கா?

சுங்குடிச் சேலைக்காரி

இரண்டு இருந்தது தம்பி. ஒன்றை எடுத்து வைத்துவிட்டேன்.