பழைய பிஎஸ் 4 லாரி: இசிஎம் புதுசா, போர்டு ரிப்பேரா?

சங்ககிரி லோடு:
வணக்கம். 2017 மாடல், பிஎஸ் 4 (புகை அளவு விதி), பன்னிரண்டு சக்கர வண்டி. காமன் ரயில் இன்ஜின் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் டீசல் அழுத்தமாகப் போகும்), புகையைக் குறைக்க யூரியா ஊற்றுகிற வகை. இன்ஜின் நன்றாகச் சூடானபிறகு மேடு ஏறும்போது திடீரென்று நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் ஸ்கேனர் மாட்டினால் இசிஎம் (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) பேசுவதே இல்லை. அரைமணி நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. அப்புறம் ஸ்கேன் செய்தால் ரயில் பிரஷர், பூஸ்ட் பிரஷர், பெடல் என்று பல சென்சார் கோளாறு ஒன்றாக வந்து நிற்கிறது. போன மாதம்தான் சேசிஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பருக்கு வெல்டிங் வைத்து, சேசிஸுக்குப் பெயிண்ட் அடித்தோம். மெக்கானிக் இசிஎம் போச்சு என்கிறார். புதுசு ஒரு லட்சத்தைத் தாண்டும் போல. கோவையில் போர்டு ரிப்பேர் பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். அடுத்த மாதம் எஃப்சி (தகுதிச் சான்று) வேறு. என்ன செய்யலாம்?

டீசல் ஷெட்:
புதுசு போடுங்க. சூட்டில் அணைந்து, ஆறினால் எழுந்திருப்பது போர்டில் சால்டர் விட்டுப்போனதற்கு நல்ல அடையாளம். வெல்டிங் வைக்கும்போது பேட்டரியும் இசிஎம் கனெக்டரும் கழற்றினார்களா? கழற்றாவிட்டால் அதிலேயே அடி வாங்கியிருக்கும். இந்தப் பெட்டிகள் பலவற்றில் உள்ளே ஜெல் ஊற்றி மூடியிருப்பார்கள். அதைச் சுரண்டும்போது முடி மாதிரி இருக்கிற கம்பி அறுந்தால் அதோடு முடிந்தது. ரிப்பேர் செய்த போர்டு மேசையில் வேலை செய்யும். நாக்பூர் வெயிலில், லோடோடு, இன்ஜின் அதிர்வில் எத்தனை நாள் என்று யார் சொல்வது? நடுவழியில் நின்றால் கிரேன் செலவு, லோடு தாமதம், பார்ட்டிக்குப் பதில். ஒரு தடவை நின்றாலே ரிப்பேரில் மிச்சம் பிடித்த பணம் போய்விடும்.

பழைய வயரிங்:
அண்ணே, இசிஎம் போச்சு என்று நிரூபித்தது யார்? பல சென்சாருக்கு ஒரே ஐந்து வோல்ட் லைன்தான் போகிறது. அதில் ஒரு சென்சாரோ ஒரு வயரோ ஷார்ட் ஆனால் அந்த லைனே அமுங்கிவிடும், மற்றதெல்லாம் சேர்ந்து கோளாறு காட்டும். ஒவ்வொரு சென்சாராகக் கழற்றிப் பாருங்க. எதைக் கழற்றும்போது ஐந்து வோல்ட் திரும்பி வருகிறதோ அந்த இடத்தில்தான் வேலை. வயரிங்கைத் திருத்தாமல் லட்ச ரூபாய்ப் பெட்டியை மாட்டினால் புதுசும் அதே மேட்டில் நிற்கும்.

டீசல் ஷெட்:
தம்பி, சென்சார் லைன் அமுங்கினால் ஸ்கேனர் ஏன் பேசாமல் போகணும்? பெட்டியே செத்துக் கிடக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்.

பழைய வயரிங்:
பெட்டிக்குக் கரண்ட் போகாவிட்டாலும் இதே மாதிரிதான் செத்துக் கிடக்கும். இரண்டு கோளாறும் ஒரே இடத்திலிருந்து வரலாம், அதுதான் எர்த். பெயிண்ட் அடித்தோம் என்று ஓனர் எழுதியதைத்தான் நான் முதலில் பிடித்துக்கொண்டேன். எர்த் போல்ட்டைக் கழற்றி மாட்டியிருந்தால் வயர் முனையில் இருக்கிற லக்குக்கு அடியில் பெயிண்ட் இருக்கும். பார்த்தால் இறுக்கமாகத் தெரியும், ஆனால் இரும்பும் இரும்பும் தொடாது. மீட்டர் மட்டும் வைத்துப் பார்க்காதீங்க, ஒரு நூல் கம்பி மிச்சமிருந்தாலும் 24 வோல்ட் காட்டும். இசிஎம் கனெக்டரைக் கழற்றிவிட்டு, பவர் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவில் 70 வாட் ஹெட்லைட் பல்பை மாட்டுங்க. கிட்டத்தட்ட 3 ஆம்பியர் இழுக்கும். மங்கலாக எரிந்தால் பெட்டியைக் குறை சொல்லவே கூடாது. இதை இன்ஜின் சூடாக, அணைந்து நிற்கும்போதே செய்யணும்.

அதே நேரத்தில் ஸ்கேனரில் ஏபிஎஸ், மீட்டர் போர்டு பேசுகிறதா என்றும் பாருங்க. எதுவுமே பேசாவிட்டால், இந்தப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் வயரைத் தேடணும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு கேன் வயருக்கும் நடுவில் அளந்தால் 60 ஓம் வரணும். 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது.

புதுப்பேட்டை பார்ட்ஸ்:
இவ்வளவு எதற்கு? அதே பார்ட் நம்பர் செகண்ட் ஹேண்ட் இசிஎம் கிடைக்கும், பாதிக்கும் குறைவான விலையில். மாட்டி ஓட்டிப் பாருங்க.

டீசல் ஷெட்:
இதை மட்டும் செய்யாதீங்க. பார்ட் நம்பர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கிற டேட்டா வேறு. குதிரைத்திறன் மாறும். அந்த வண்டியின் சேசிஸ் நம்பர், அந்த இன்ஜெக்டர்களின் கோடு நம்பர் எல்லாம் அதிலேயே இருக்கும். உங்கள் இன்ஜெக்டர் தலையில் அச்சடித்திருக்கிற கோடு நம்பரை ஏற்றாமல் ஓட்டினால் டீசல் அளவு தப்பும், புகை வரும். பழைய பெட்டிகளில் யூரியா சிஸ்டத்தை சாஃப்ட்வேரிலேயே அடைத்து வைத்ததும் உண்டு. 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டதும் உண்டு. அதோடு எஃப்சிக்குப் போய் நிற்கப் போகிறீர்களா?

பழைய வயரிங்:
இதில் அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்க. புதுசோ ரிப்பேரோ, எதற்கும் முன்னால் உங்கள் பழைய இசிஎம் பேசுகிற நேரம் பார்த்து அதன் டேட்டாவை முழுசாக எடுத்து வைத்துவிடுங்க. முற்றாகச் செத்தபிறகு எடுப்பது பெரும்பாடு.

சங்ககிரி லோடு:
பார்த்தோம். சூட்டில் பல்பு மங்கலாகத்தான் எரிந்தது. ஸ்டார்ட் அடிக்கும்போது இசிஎம் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் 1.8 வோல்ட். இன்ஜினிலிருந்து சேசிஸுக்கு வரும் எர்த் லக்கைக் கழற்றினால் அடியில் கறுப்புப் பெயிண்ட், ஓரத்தில் பச்சைக் களிம்பு. எமரி போட்டுச் சுத்தம் செய்து மாட்டினோம். இப்போது 0.1 வோல்ட்டுக்கும் கீழே. சென்சார் கோளாறு எதுவும் திரும்ப வரவில்லை. ஆனால் நேற்று தொப்பூர் மேட்டில் ஒரு தடவை நின்றுவிட்டது. வெல்டிங் வைத்தபோது பேட்டரி கழற்றவில்லையாம், கேட்டுவிட்டேன்.

டீசல் ஷெட்:
பேட்டரி கழற்றவில்லை என்றால் நான் சொன்னதுதான். எர்த்தும் கெட்டிருந்தது, போர்டும் அடி வாங்கியிருக்கிறது. ஆர்டர் போட்டுவிடுங்க, வர நாளாகும்.

பழைய வயரிங்:
இசிஎம்முக்குக் கரண்ட் கொடுக்கிற மெயின் ரிலே பார்த்தீங்களா? அதுவும் சூட்டில் விடும். முந்நூறு நானூறு ரூபாய்ச் சாமான், முதலில் அதை மாற்றுங்க. நிற்கும்போது ரிலே அவுட்புட்டில் அதே பல்பை வைத்துப் பாருங்க. பல்பு பளிச்சென்று எரிந்து, எர்த்தும் சரியாக இருந்து, இசிஎம் மட்டும் பேசாவிட்டால் நானே புதுசு போடச் சொல்வேன்.

டீசல் ஷெட்:
அதுவரை வடக்கே லோடு ஏற்றாதீங்க, ஓனர்.

சங்ககிரி லோடு:
ஏற்றவில்லை. டேட்டா எடுத்தாச்சு. ரிலேயை நாளைக்கு மாற்றிவிட்டு, எஃப்சி வரைக்கும் சேலம், சென்னை மட்டும் ஓட்டுகிறேன். தொப்பூரில் நின்ற மாதிரி நின்றால் பல்பு வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.