அட்லாண்டிக் லீக் என்றால் அவ்வளவு இளப்பமா?

கேள்வி (யாங்கோன்): தம்பி ராச்செஸ்டரில் படிக்கிறான். அவனால்தான் எனக்கு அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி பைத்தியம். மார்ச்சில் அங்கே இரவு ஏழு என்றால் இங்கே விடிகாலை ஐந்தரை. டீ ஆறி ஏடு படியும்வரை போனை விட்டுக் கண்ணெடுக்க மாட்டேன். தரவரிசையில் அட்லாண்டிக் என்ற சின்ன கல்லூரி லீக்கின் அணிகளை ஏன் மதிப்பதில்லை? 2010 தேசியப் போட்டியில் அந்த லீக்கின் ஆர்ஐடி (ராச்செஸ்டர் கல்லூரி அணி), பெரிய லீக் அணியான டென்வரை 2-1 என்று சாய்த்து, பிறகு கடைசி நான்குக்கும் போனதே!

பதில் (மோல்மீன்): அண்ணே, எதிரணியின் பலமும் கணக்கில் சேரும். பெரிய லீக்குகள் தங்களுக்குள் மோதியே மேலே நிற்கின்றன. தேசியப் போட்டியின் 16 இடத்தில் அட்லாண்டிக்குக்குப் பெரும்பாலும் லீக் சாம்பியனுக்கான இடம் ஒன்றுதான்.

பதில் (மாந்தலே): 2019 தேசியப் போட்டியில் முதலிடத்தில் இருந்த செயின்ட் கிளவுட் அணியை அட்லாண்டிக் லீக்கின் ஏஐசி கல்லூரி வீட்டுக்கு அனுப்பியதே, அதுவும் 2-1!

கேட்டவர்: அதைத்தான் சொல்கிறேன். சரி, அக்டோபரில் சீசன் தொடங்கும்போது பெரிய லீக் அணிகள் அட்லாண்டிக் அணிகளின் ஊருக்கு வந்து ஆடட்டும்.