ஆசா ராஜாவின் கடைசி வருஷங்கள்: உங்களை உறுத்திய அனுபவம் எது?

ஒலிவமரம்:
வேதாகமத்தில் 2 நாளாகமம் 16, ஒருகாலத்தில் கர்த்தரை நம்பிய யூதாவின் ராஜா ஆசா கடைசியில் சீரியா ராஜாவின் உதவியை நம்பி விலகிப்போனதைச் சொல்கிற அதிகாரம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபையின் ஆண்டுக் கூட்டத்தில், கட்டட நிதியிலிருந்து வேறு செலவுக்குப் பணம் எடுத்ததைப் பற்றி வயதான அம்மா ஒருவர் எழுந்து கேட்டார். தலைமையில் இருந்தவர் பதில் சொல்லாமல் சைகை காட்ட, ஒருவர் வந்து அந்த அம்மாவின் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டு போனார். சைகை காட்டியவர், முன்பு ஒரு நெருக்கடியில் சபை முழுவதையும் முழங்காலில் நிற்கவைத்துக் கண்ணீரோடு ஜெபித்தவர். மரேசாவில் பத்து லட்சம் பேர் கொண்ட சேனைக்கு எதிரே கர்த்தரை நோக்கிக் கூப்பிட்ட அதே ஆசாதானே, பிற்பாடு சீரியா ராஜாவை நம்பியதற்காகத் தன்னைக் கடிந்துகொண்ட தீர்க்கதரிசி அனானியைக் காவலறையில் அடைத்தான்?

யோர்தான்கரை:
வீழ்ச்சி அனானியிடம் தொடங்கவில்லை. இஸ்ரவேலின் ராஜா பாஷா யூதாவுக்கு எதிராக ராமா பட்டணத்தைக் கட்டியபோது, அவனைத் தாக்கச் சொல்லி ஆலயத்து வெள்ளியும் பொன்னும் தமஸ்குவிலிருந்த சீரியா ராஜா பெனாதாத்துக்குப் போனதே, அப்போதே தொடங்கிவிட்டது. அந்தத் திட்டம் பலிக்கவும் செய்தது. பாஷா ராமாவைக் கட்டுவதைக் கைவிட்டான். அவன் விட்டுப்போன கற்களையும் மரங்களையும் கொண்டு ஆசா கேபாவையும் மிஸ்பாவையும் கட்டினான். பலித்ததால்தான் கண்டிப்பு அவனுக்குக் கசந்தது என்று நினைக்கிறேன்.

என் அனுபவம் வேறு. சர்க்கரை நோயால் பாதத்தில் புண்ணோடு ஆஸ்பத்திரியில் இருந்த என் மாமாவைப் பார்க்க வந்த ஒரு சகோதரர், ஆசா தன் கால் வியாதியில் கர்த்தரைத் தேடாமல் ‘பரிகாரிகளையே (வைத்தியர்களையே) தேடினான்’ என்ற வசனத்தை வாசித்துவிட்டு ஜெபித்தார். மாமா கட்டுப்போட்ட காலை மெல்லப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். மாலையில் கட்டு மாற்ற வந்த நர்ஸிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பழைய வாசகர்:
யோர்தான்கரை சகோதரரே, அந்த வசனம் குறைசொல்வது கர்த்தரைத் தேடாததைத்தான். பிற்காலத்து யூதா ராஜா எசேக்கியாவின் பிளவைக்கு அத்திப்பழத்து அடையைப் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசியே அல்லவா? 2 இராஜாக்கள் 20-ஐ உங்கள் மாமாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் ஞாயிறு பள்ளியில் ஒரு சிறுமி, “இவ்வளவும் செய்தவனுடைய இருதயம் நாளெல்லாம் உத்தமமாயிருந்தது என்று ஏன் எழுதியிருக்கிறது?” என்று கேட்டாள். வகுப்பே என்னைப் பார்த்தது.

அதனால் சொல்கிறேன்: 16-ஆம் அதிகாரத்தை மட்டும் பிரித்து வாசிக்காதீர்கள். விக்கிரகம் வைத்ததற்காகத் தன் தாய் என்று சொல்லப்படும் மாகாளையே ராஜாத்தி ஸ்தானத்திலிருந்து விலக்கி, அந்த விக்கிரகத்தைக் கீதரோன் ஆற்றண்டையில் சுட்டெரித்தவன் அவன். ஆசாவின் கதையையே சொல்லும் 1 இராஜாக்கள் 15-ஐயும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசாவின் 3-ஆம் வருஷத்தில் ராஜாவான பாஷா 24 வருஷமே ஆண்டிருக்க, 2 நாளாகமம் 16 சொல்கிறபடி ஆசாவின் 36-ஆம் வருஷத்தில் எப்படிப் படையெடுத்தான் என்ற கேள்வி வரும். அந்த 36-ஐ ராஜ்யம் இஸ்ரவேல், யூதா என்று பிரிந்ததிலிருந்து எண்ண வேண்டும் என்பார் உண்டு. அதற்காக இங்கே சண்டை வேண்டாம்.

ஒலிவமரம் அவர்களே, அந்த அம்மாவின் கேள்வியை எழுத்தில் வாங்கி, அடுத்த கூட்டத்துக்கு முன்பே செயலாளரிடம் கொடுத்துக் கையெழுத்துப் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டது குறிப்பேட்டில் ஏறாது.