பொருள்: மறு: எழுத்தோரம் மை கிளைப்பதற்கு என்ன சொல்? – "மைப்பிசிறு"

நண்பர்களுக்கு வணக்கம்.

தாள், மை பற்றிய நம் சொற்பட்டியலுக்காக, எழுத்தின் ஓரத்தில் மை கிளைவிடுவதற்குத் தமிழ்ச்சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழையை மூன்று நாளாகப் படித்துவருகிறேன். மைப்பேனாவால் கடிதம் எழுதக் கையில் கிடைக்கும் தாளையெல்லாம் சோதித்துப் பார்க்கிறவன் நான். எனக்கு இது அன்றாடம் வேண்டிய சொல், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நேற்று ஒரே பேனா, ஒரே நீல மை கொண்டு பல தாள்களில் "அன்புள்ள அண்ணனுக்கு" என்று எழுதி, உருப்பெருக்கியில் பார்த்தேன். கையால் செய்த பருத்தித் தாளில் கோட்டின் இரு பக்கமும் மெல்லிய மயிர்க்கால்கள் கிளம்பியிருந்தன. மெய்யெழுத்தின் புள்ளி சிலந்திபோலக் கால் பரப்பியிருந்தது. மூன்று சுழி ண-வில் ஒரு சுழி அடைபட்டு, இரண்டு சுழி ன போலத் தெரிந்தது. டிரேசிங் தாளில் கோடு கத்தியால் கீறியதுபோல் இருந்தது, ஆனால் ஐந்து நிமிடம் கழித்து விரல் பட்டதும் அப்படியே இழுபட்டுவிட்டது. பொட்டலம் கட்டும் பழுப்புத் தாள்தான் எனக்கு வியப்பு. அதன் வழவழப்பான பக்கத்தில் எழுத்து சுத்தமாக நின்றது, சொரசொரப்பான பக்கத்தில் அதே மை கிளைவிட்டது.

இந்தக் கிளைவிடுதலுக்குத்தான் சொல் தேடுகிறோம். ஆங்கிலத்தில் 'ஃபெதரிங்' என்பதால் "இறகுபடல்" என்று ஒருவர் சொல்லியிருந்தார். தமிழில் அதைப் படிப்பவருக்குப் பறவைதான் நினைவுக்கு வரும், மை வராது. "கசிவு" வேண்டவே வேண்டாம். பேனா கசிகிறது என்று மூடியில் மை ஒழுகுவதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அதையும் இதையும் எப்படிப் பிரிப்பது? "பரவல்" நல்ல சொல், ஆனால் அது வேறொன்றுக்குத் தேவைப்படுகிறது. சில தாள்களில் கிளை எதுவும் இல்லாமல் கோடு மட்டும் சீராகத் தடித்துப்போகும். பரவலை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

என் முன்மொழிவு பிசிறு. துணியைக் கிழித்தால் ஓரத்தில் நிற்கும் நூலிழை பிசிறு. குரல் உடைந்தாலும் பிசிறு தட்டுகிறது என்கிறோம். மை கிளைப்பதும் பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கிறது. அதைவிட முக்கியம், காரணமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: தாளின் நாரிழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடுக்குகள் மையை இழுத்துக்கொண்டு போவதால்தான் இது நடக்கிறது. வினையும் தயாராக இருக்கிறது, "இந்தத் தாளில் மை பிசிறடிக்கிறது" என்று எழுதினால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கைத்தாளின் வெட்டப்படாத ஓரத்தையும் பிசிறு என்று சொல்லிவிடுவார்களே என்ற ஐயம் நியாயமானது. கடிதத்தாள் பற்றிப் பேசும்போது இரண்டும் ஒரே வரியில் வரும். பட்டியலில் "மைப்பிசிறு", "ஓரப்பிசிறு" என்று தனித்தனியே போட்டுவிடலாம். குழப்பம் இல்லாத இடத்தில் வெறும் பிசிறு போதும்.

மை தாளைத் துளைத்து மறுபக்கம் வருவதற்கு "ஊறல்". மை ஊறிவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். மை வராமல் எழுத்தின் சாயல் மட்டும் தெரிந்தால் "பின்னிழல்". இந்த இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். தோமோயே ரிவர் என்ற ஜப்பானியத் தாளின் மெல்லிய வகை சதுர மீட்டருக்கு 52 கிராம்தான். வழக்கமான நகல் தாள் 70, 80 கிராம் இருக்கும். அவ்வளவு மெல்லிய தாளில் மை ஊறுவதில்லை, ஆனால் பின்னிழல் நன்றாகவே விழும். ஒரே சொல்லைப் போட்டால் அந்தத் தாளுக்கு அநியாயம் செய்கிறோம்.

கடைசியாக, 'சைசிங்': மை சட்டென உள்ளே இறங்காதபடி தாளுக்கு ஒரு பொருளை ஏற்றுவது. சைஸ் என்பதால் "அளவிடல்" என்று ஒரு பழைய பட்டியலில் பார்த்தேன், அதைத் தயவுசெய்து எடுத்துவிட வேண்டும். முற்காலத்தில் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த கூழில் தாளை முக்கி எடுத்தார்கள். 1807இல் ஜெர்மனியின் மோரிட்ஸ் இல்லிக், மரப்பிசினையும் படிகாரத்தையும் தாள் செய்யும் நார்க்கூழோடு கலக்கும் முறையை வெளியிட்டார். அந்தப் படிகாரத்தின் அமிலத்தால்தான் பிற்காலத்துத் தாள்கள் பல பழுத்து நொறுங்கின.

இதற்கு நெசவிலிருந்து "கஞ்சி" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம் என்பேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதும் இதுபோன்ற வேலைதானே, அங்கும் ஆங்கிலத்தில் 'சைசிங்' என்றுதான் பெயர். கஞ்சியேறிய தாளைக் கையில் ஆட்டினால் துணிபோலவே மொடமொடக்கும். தோல்கூழும் பிசினும் கஞ்சியாகுமா என்று கேட்டிருந்தார்கள். எள்ளின் நெய்யாக இருந்த எண்ணெய் இன்று தேங்காய்க்கும் ஆகிறதே! போதாததற்கு, இன்றைய ஆலைகளில் தாளின் மேற்பரப்பில் பூசுவது பெரும்பாலும் மாவுப்பொருள்தான். "பசை" என்றால் ஒட்டும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது, அதனால் தவிர்த்தேன்.

சரி, இந்தச் சொற்களை வைத்து நேற்றைய பருத்தித் தாளுக்கு ஒரு குறிப்பு எழுதிப் பார்த்தேன்: "கஞ்சி குறைவு. மைப்பிசிறு அதிகம், ஊறல் உண்டு. ஓரப்பிசிறு அழகு. மெல்லிய முள்ளால், ஒரு பக்கம் மட்டும் எழுதலாம்." எங்காவது இடறினால் சொல்லுங்கள்.

அன்புடன்