பருத்திக்கு உர மானியமா, விலை வித்தியாசமா?

ஆறுமா குத்தகை (கேள்வி):
திருவாரூர் பக்கம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் செய்கிறேன். சம்பா அறுத்ததும் மாசியில் பருத்தி ஊன்றுவது வழக்கம். 2025 ஆனியில் இரண்டாம் எடுப்பு முடித்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஏழு குவிண்டால் கொண்டுபோனேன். முந்தின ராத்திரி நல்ல மழை. உள்ளே இடமில்லாமல் மூட்டையோடு மூட்டையாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தேன். வியாபாரிகள் விலையைச் சீட்டில் எழுதிப் போடும் மறைமுக ஏலத்தில் குவிண்டாலுக்கு 6,180 ரூபாய் விழுந்தது. அந்தப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதார விலை நடுத்தர இழைக்கு 7,121, நீள இழைக்கு 7,521. குறைந்ததோடு ஒப்பிட்டாலும் ஆறாயிரத்து ஐந்நூறுக்கு மேல் போச்சு. மத்திய அரசின் பிஎம் கிசான் உதவித்தொகை வருஷம் முழுக்கத் தருவதே 6,000தான். அதுவும் பட்டாக்காரருக்கு.

உர மானியத்தால் யூரியா மூட்டை 266.50க்குக் கிடைப்பது உதவிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கையைக் கடிப்பது ஏலத்தன்றைக்கு. அந்த மானியத்தில் ஒரு பங்கை, விற்ற ரசீதைப் பார்த்து, ஆதார விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசமாகக் கொடுத்தால் என்ன?

கரிசக்காடு:
விருதுநகர் மானாவாரி நான். மழை பெய்தால்தான் உரமே போடுவோம், ஆகவே உர மானியத்தில் எங்கள் பங்கு சொற்பம். உங்கள் யோசனை எனக்குப் பிடிக்கிறது. ஆனால் ரசீதுக்கு எங்கே போவது? விதைக்கும் மருந்துக்கும் முன்பணம் கொடுத்த கமிஷன் கடைக்குத்தான் பாதிப் பேர் பருத்தி போடுகிறார்கள். அங்கே கிடைப்பது துண்டுச் சீட்டு.

பஞ்சு கணக்கர்:
மத்தியப் பிரதேசத்தில் 2017இல் 'பாவாந்தர்' என்று இதைச் செய்தார்கள். சோயா, உளுந்து மாதிரி எட்டுப் பயிர்கள், பருத்தி கிடையாது. அரசுதான் ஈடுகட்டுமே என்று வியாபாரிகள் விலையை அமுக்கியதாகப் புகார் எழுந்தது. இன்னொன்று, வித்தியாசத்தைச் சந்தைச் சராசரியை வைத்துக் கணக்கிட்டார்கள். உங்களுக்கு விழுந்த 6,180ஐ யாரும் பார்க்க மாட்டார்கள். 2025 ஆகஸ்டில் பஞ்சுக்கான 11 சதவீத இறக்குமதி வரியை வேறு தற்காலிகமாக நீக்கினார்கள். மில்லுக்கு நல்லது, நான் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் உள்ளூர் விலை இறங்கினால் வித்தியாசத் தொகை ஏறும், அப்புறம் நிதி இல்லை என்பார்கள்.

கோடைப்பருத்தி:
அண்ணே, வித்தியாசம் வாங்குவதை விட ஆதார விலைக்கே பருத்தியை வாங்கச் சொல்லி அரசிடம் கேட்கலாம். ஆனால் அப்படி வாங்குகிற மத்திய அரசின் பருத்திக் கழகத்துக்குப் பருவம் அக்டோபரில் ஆரம்பம். நாம் எடுப்பது ஜூன், ஜூலையில். ஈரப்பதம் 8 சதவீதம் வரை முழு விலை, 12 வரை பிடித்தம், அதற்கு மேல் வாங்க மாட்டார்கள். அந்தத் தார்ப்பாய்ப் பருத்தி 12க்குள் நின்றிருக்குமா? மானியப் பணத்தில் முதலில் கூரை போட்ட உலர்களம் கட்டட்டும்.

ஆறுமா குத்தகை:
நிற்காது தம்பி. கையில் அள்ளினாலே தெரிந்தது. களம் வந்தால் சந்தோஷம்தான்.

ஆனால் ஆதார விலைக்குப் போட்டாலும் வித்தியாசம் வாங்கினாலும் அடங்கல், அதாவது யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்குச் சான்று, கேட்பார்கள், எனக்கு வாய்மொழிக் குத்தகை. பேரை ஏற்றித் தரச் சொல்லி நிலத்துக்காரரிடம் ஒரு தடவை கேட்டேன். "அப்படியென்றால் வருகிற வருஷம் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். சரி, யூரியா மூட்டைக்கு ஆதாரும் கைரேகையும் போதும். அதனால் உர மானியத்தில் கைவைக்கச் சொன்னதை இப்போதைக்கு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.