'சிறப்பாக வடிவமைக்கப்பட்ட' வேண்டாம்: படைக்கலன் ஏற்றுமதி உரிமத்துக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

படைக்கலன் ஏற்றுமதி விதிகளில் வரும் 'ஸ்பெஷலி டிசைன்ட்' (specially designed) என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழில் எப்படி எழுதலாம் என்ற பேச்சில், ஐயா, நேற்று நீங்கள் எழுதியது:

> ஸ்பெஷலி டிசைன்ட் என்பதற்குச் 'சிறப்பாக வடிவமைக்கப்பட்ட' என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். புழங்குகிற சொல்லை எதற்குக் கலைக்க வேண்டும்?

போன வருடம் நானும் அப்படித்தான் எழுதினேன். அதனால் என்ன ஆனது என்று முதலில் சொல்கிறேன்.

மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் என் மாமா ரப்பர் பட்டறை வைத்திருக்கிறார். லாரிக்கான புஷ், குரோமெட் (துளை விளிம்பில் மாட்டும் வளையம்) எல்லாம் அச்சில் வார்த்துக் கொடுப்பவர். அவரிடம் சரக்கெடுத்து ஏற்றுமதி செய்யும் வெளியூர் நிறுவனம் ஒன்று ஆங்கிலத்தில் படிவம் அனுப்பியிருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பென்சிலால் தமிழ் எழுதிக் கொடுத்தேன். நான்காவது கேள்வி: 'இப்பொருள் ராணுவப் பயன்பாட்டுக்காகச் சிறப்பாக வடிவமைக்கப்பட்டதா?' மாமா 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "ராணுவ வண்டியில மாட்டுனாலும் தாங்கும் மாப்ள. சிறப்பாத்தானே செஞ்சிருக்கோம்?" என்றார். அந்த ஒரு டிக்கால் அது ராணுவச் சரக்கு என்று ஆகிவிட்டது. விளக்கக் கடிதம் போய்ச் சேரும்வரை பெட்டிகள் பட்டறை வாசலிலேயே கிடந்தன.

மாமா மேல் தப்பே இல்லை. 'கல்யாணம் சிறப்பாக நடந்தது' என்று சொல்லும் ஊரில் 'சிறப்பாக' என்றால் நன்றாக என்றுதான் பொருள். தப்பு என் சொல்லில் இருந்தது.

அமெரிக்காவின் ஏற்றுமதி உரிமச் சீர்திருத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், பாதி இந்த 'ஸ்பெஷலி டிசைன்ட்' என்ற தொடரைச் சுற்றித்தான் நடந்தது. பழைய விதியில் போர் விமானத்துக்கென்று செய்த பாகம் எவ்வளவு சின்னதானாலும் படைக்கலன் பட்டியலில் வந்துவிடும், வெளியுறவுத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும். எஃப்-16 விமானத்தையே விற்க ஒப்புதல் கொடுத்துவிட்டு, அதன் தாழ்ப்பாளுக்கும் கம்பிக்கும் நட்டுக்கும் அதே நீண்ட நடைமுறை எதற்கு என்று அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் 2010 ஏப்ரலில் கேட்டார். ஒரே பட்டியல், ஒரே உரிம அலுவலகம் என்றும் சொன்னார். அது நடக்கவில்லை, இன்றும் இரண்டு பட்டியல்தான். ஆனால் பல பாகங்கள் கெடுபிடி குறைந்த வணிகத் துறைப் பட்டியலுக்கு மாறின. 2013 அக்டோபர் 15 முதல் இந்தத் தொடருக்கு ஒரு வரையறையும் நடைமுறைக்கு வந்தது.

அந்த வரையறை அழகானது. முதல் பகுதி, கட்டுப்பாட்டுக்குள் வரக்கூடிய பொருளையெல்லாம் வலை வீசிப் பிடிக்கிறது. அடுத்த பகுதி, பிடித்ததில் எதை விடலாம் என்று சொல்கிறது. ஸ்க்ரூ, போல்ட், நட், ரிவெட், வாஷர், ஸ்பிரிங், புஷ், குரோமெட் எல்லாம் பெயர் சொல்லியே விடுவிக்கப்படுகின்றன. ஆமாம், மாமா வார்க்கும் அதே குரோமெட்! இந்த இரண்டு பகுதிக்கும் பிடிவிதி, விடுவிதி என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். சொன்னவுடன் வேலை புரிந்துவிடும்.

நம் ஊருக்கும் இது தூரமில்லை. இங்கே ஸ்கோமெட் என்கிற இந்திய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஆறாம் பிரிவு படைக்கலன்களுக்கானது, அதற்கு உரிமம் தருவது பாதுகாப்பு உற்பத்தித் துறை. அந்தப் பட்டியலிலும் இந்தத் தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் மதுரை இல்லைதான். ஆனால் அந்த முனைகளான கோவைக்கும் ஓசூருக்கும் இங்கிருந்து சரக்கு போகிறது, படிவம் திரும்பி வருகிறது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். குறித்தமைத்த. 'பீரங்கிக்கெனக் குறித்தமைத்த வளையம்.' கண்டெடுத்த, தேர்ந்தெடுத்த மாதிரியான அமைப்புதான், இலக்கணத்தில் இடறல் இல்லை. பட்டறையில் 'இது அதுக்குன்னே அடிச்சது' என்று சொல்வார்கள். அந்தப் பேச்சின் எழுத்து வடிவம் இது.

'பிரத்யேகமாக' போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். பிரத்யேகப் பேட்டி, பிரத்யேகச் சலுகை என்று விளம்பரம் அதைத் தேய்த்துவிட்டது. மாமா அதற்கும் 'ஆம்' என்றுதான் போடுவார். 'தனிவடிவ' என்றால் வேறு எதிலும் இல்லாத உருவம் என்று ஆகிவிடும். உருண்டை வளையத்துக்கு ஏது தனி வடிவம்?

நீங்கள் எழுப்பிய இன்னொரு கேள்வி கனமானது:

> 'குறித்து' என்றால் செய்தவன் மனத்தில் இருந்த நோக்கம். 2013 வரையறையோ பொருளை வைத்தே பார்க்கச் சொல்கிறது. சொல் வரையறையை மீறுகிறதே?

உண்மைதான் ஐயா, இரண்டு நாள் இதையே யோசித்தேன். ஆனால் விடுவிதியில் ஒரு பகுதி, உருவாக்கும்போதே பொதுப் பயனையும் எண்ணி உருவாக்கினோம் என்று அந்தக் காலத்து ஆவணத்தால் காட்டினால் விடுவிக்கிறது. அதாவது, நோக்கமும் கணக்கில் வருகிறது. மீதியை வரையறை பார்த்துக்கொள்ளும். சொல் செய்ய வேண்டியது, படிப்பவரை எதிர்த்திசையில் அனுப்பாமல் இருப்பதுதான். 'சிறப்பாக' அதைத்தான் செய்தது.

போன வாரம் மாமாவிடம் அதே நான்காம் கேள்வியைப் புதுச் சொல்லோடு காட்டினேன். 'ராணுவப் பயன்பாட்டுக்கெனக் குறித்தமைத்த பொருளா?' கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "இல்லப்பா, இது லாரிக்குள்ளது" என்றார்.

தொழிற்பேட்டையில் கொடுக்கும் வழிகாட்டித் தாளை மறுபடி அச்சுக்குக் கொடுக்கப் போகிறோம். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். பிடிவிதி, விடுவிதி பற்றியும் சொல்லுங்கள் ஐயா.

அன்புடன்,
மதுரையிலிருந்து