இருபது நிமிடத்தில் சுருதி ஏறிவிடும் டர்ன்டேபிள், உதவி தேவை

ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு ஜாஸ் இசைத்தட்டு கேட்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஒரு மாதமாக அதில் மண்.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' போட்டேன், கீபோர்டோடு ஒத்துப் பார்த்தால் சுருதி கொஞ்சம் தூக்கல். முதலில் அலட்டிக்கொள்ளவில்லை. 1959-ல் ஒலிப்பதிவு செய்தபோது டேப் இயந்திரம் மெதுவாக ஓடியதால் பழைய தட்டுகளில் முதல் பக்கம் முழுக்க அப்படித்தான் இருக்கும், 90-களில்தான் சரிசெய்தார்கள். ஆனால் இரண்டாம் பக்கத்துக்கு அந்தக் குறை கிடையாதே, அதுவும் தூக்கலாகக் கேட்டதும்தான் வயிற்றைக் கலக்கியது.

மெஷின் 80-களில் வந்த ஜப்பான் பெல்ட் டிரைவ், டிசி மோட்டார், மதுரையில் பழையது வாங்கி நான்கு வருடம் ஆகிறது. போட்டவுடன் வேகம் சரியாக இருக்கிறது. 20 நிமிடம் ஓடிச் சூடானதும் தட்டின் மேல் வைத்து வேகம் பார்க்கும் ஸ்ட்ரோப் அட்டையில், வேகம் சரியென்றால் அசையாமல் தெரியும் 180 கோடுகள் மெல்ல முன்னால் நகர ஆரம்பிக்கின்றன (எல்இடி விளக்கில் ஒன்றும் தெரியவில்லை, பரணிலிருந்து பழைய சோக் வைத்த டியூப்லைட்டை இறக்கித்தான் பார்த்தேன்).

பெல்ட் புதிது. புல்லியை ஸ்பிரிட்டால் துடைத்தாயிற்று, மோட்டாருக்கு ஒரு சொட்டு எண்ணெயும் விட்டாயிற்று. வேகத் திருகைக் குறைத்தால் மறுநாள் ஆரம்பத்தில் மந்தமாக ஓடுகிறது. இங்கே மெக்கானிக் பார்த்துவிட்டு, பார்ட்ஸ் கிடைக்காது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சூடான பிறகு மட்டும் வேகம் ஏறுகிறதென்றால் மோட்டாரையே மாற்ற வேண்டுமா, இல்லை வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டில் கெப்பாசிட்டர்களை மாற்றினால் போதுமா?